இரைப்பு நோயும் நம் கடமையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இசையும் நாடகமும் காண வந்திருக்கும் உங்கள் முன் நோயைப் பற்றிப் பேச முற்படுகிறோம், பொறுத்தருள வேண்டும். தில்லியில் குடியேறிய நமக்கு ஐப்பசி பிறந்ததும் வீட்டுக்கு வீடு கேட்கும் ஒலி ஒன்று உண்டு. அது மூச்சு இரைக்கும் ஒலி. ஊரில் அதனை இழுப்பு என்றோம். வைத்தியர் ஈளை என்றனர். இன்று ஆஸ்துமா என்பதே வழக்கு.

இந்நோயில் மூச்சுக்குழல்களின் உட்சுவர் அழன்று வீங்கியிருக்கும். தூசி, புகை, குளிர்ந்த காற்று, சளிக்காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தீண்டினால் குழலைச் சுற்றியுள்ள தசைகள் இறுகும், கோழை அடைக்கும். இதனை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் இதனை அடக்கி வைத்து, பள்ளிக்கும் பணிக்கும் தடையின்றிச் சென்றுவர வழி உண்டு. அங்ஙனமிருந்தும், உலகின் ஆஸ்துமா நோயாளருள் எட்டில் ஒருவர் அளவிலேயே வாழும் நம் நாட்டில், இந்நோயால் நேரும் உலக மரணங்களுள் பத்தில் நான்குக்கு மேல் நிகழ்கின்றன என்று மதிப்பிடுகின்றனர். இஃது ஏன்?

விடையை நம்மிடையே நேர்ந்த ஒரு நிகழ்ச்சியிலேயே கண்டோம். நம்மவர் இல்லம் ஒன்றில் பெண் பார்க்கும் சடங்கு. பிள்ளை வீட்டார் கண்ணில் படலாகாது என்று பெண்ணின் இன்ஹேலரைப் பெற்றோர் பரண்மேல் வைத்துவிட்டனர். மாலையில் சாம்பிராணிப் புகை சூழ்ந்தது. இரவில் இழுப்புக் கண்டது. பதற்றத்தில், வைத்த இடம் வைத்தவர்க்கே நினைவு வரவில்லை. பக்கத்து வீட்டார் வண்டியில் மருத்துவமனை சேர்த்ததால் பெண் பிழைத்தாள். அப்பெற்றோரைக் குறை கூற நாம் யார்? அவர்கள் அஞ்சியது நம் வாய்க்கு அன்றோ?

நாணம் ஒரு பகை என்றால் அறியாமை மற்றொன்று. இன்ஹேலர் 'பழகிவிடும்' என்று பலர் எண்ணுகின்றனர். அது போதைப் பொருள் அன்று. இழுப்பு வந்தபோது குழலை விரிக்கும் சால்புடமால் ஒருவகை. அழற்சியைத் தணிக்கும் பியூடசோனைடு போன்றவை மற்றொரு வகை. முதல் வகையை மட்டும் நம்பியிருத்தல் தகாது என்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டிக் குழு 2019-இல் அறிவித்தது. நம்மவரோ இழுப்பு நின்றதும் இரண்டாவதை நிறுத்திவிடுகின்றனர். ஸ்டீராய்டு என்ற சொல்லே அச்சம் தருகிறது. மாத்திரை மில்லிகிராம் கணக்கில் உடலெங்கும் செல்வது; இதுவோ மைக்ரோகிராம் கணக்கில் பெரும்பாலும் மூச்சுக்குழலை நாடிச் செல்வது. இழுத்தபின் வாய் கொப்பளித்தல் வேண்டும்.

பின்லாந்து நாட்டார் 1994 முதல் 2004 வரை பத்தாண்டுத் திட்டம் ஒன்றை நடத்தினர். மருத்துவரோடு செவிலியரையும் மருந்துக் கடைக்காரரையும் பயிற்றி, நோயை முன்னரே கண்டறிந்து, தம்மைத் தாமே பேணும் முறையை நோயாளர்க்குக் கற்பித்தனர். நோயாளர் தொகை பெருகியும், அவர்கள் மருத்துவமனையில் தங்கிய நாட்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. ஊர் கூடி இழுத்த தேர் அது.

காற்றுக்கும் இதுவே பொருந்தும். உச்ச நீதிமன்றத்தின் 1998 ஆணையால், 2002 இறுதிக்குள் இந்நகரின் பொதுப் பேருந்துகள் டீசலை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறின. பொதுமுயற்சி பயன் தரும் என்பதற்கு அது சான்று. எனினும் நுண்துகளுக்கு நம் நாடு வகுத்த ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்தது 5. தில்லிக் காற்று இரண்டையும் கடந்தே நிற்கிறது. வயல்களில் எரியும் தாளையும் சாலைப் புகையையும் நாம் ஒருவராய்த் தடுக்க இயலாது. நம் வீட்டுப் புகையைத் தடுக்கலாம்.

நாங்கள் சிலர் மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் சங்க நூலகத்தில் அமர்கிறோம். ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் துணை நிற்கிறார். வருவோரை இன்ஹேலரைப் பயன்படுத்திக் காட்டச் சொல்வோம். ஒருவர் இழுப்பதற்குப் பதில் ஊதினார். மற்றொருவர் மருந்து தீர்ந்த குப்பியை நாள்தோறும் அழுத்தி வந்திருந்தார். குலுக்கி, மூச்சை முழுதும் விட்டு, உதடுகளால் இறுகப் பற்றி, அழுத்தியவாறே மெல்ல இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். குழந்தைகட்கும் முதியோர்க்கும் இடையே ஸ்பேசர் என்னும் கூடு பொருத்துதல் நலம். மருந்தும் அளவும் மருத்துவர் கூறுவன; அவற்றில் நாங்கள் தலையிடுவதில்லை.

உங்களை வேண்டுவன மூன்று. நோயாளர் உள்ள வீட்டில் கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணியும் வேண்டா. தீபாவளி விடியலில் எண்ணெய்க் குளியலும் இலேகியமும் இருக்கட்டும், வெடிப்புகை ஒழியட்டும். ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாமல் திணறுவாரையும், உதடு நீலம் பாரித்தவரையும் கண்டால் கஷாயம் தேடி நில்லாமல் உடனே மருத்துவமனை சேருங்கள்.

இறுதியாக ஒன்று. இனி நம் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிக்கும் கைக்கடிகாரத்துக்கும் பக்கத்தில், எல்லாரும் காண இன்ஹேலர் இருக்கட்டும். கண்ணாடி அணிந்த பெண்ணை மருமகளாய் ஏற்கும் நாம் இவளையும் ஏற்போமாக.