பதிலி ஆசிரியரும் நமது பள்ளியும்

(பங்குப் பொன்விழாவையொட்டி நடந்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில், பங்குத்தந்தையும் பள்ளித் தாளாளருமானவர் ஆற்றிய உரை)





பொன்விழா ஆண்டில் பள்ளியைப் பற்றிப் பேச எழுந்தால் பழையவர்களைப் பற்றிப் பேசுவதே வழக்கம். ஓலைக் கூரையின் கீழ் பாடம் சொன்ன உபதேசியாரையும், மணியடித்த கையாலேயே அரிச்சுவடி எழுதப் பழக்கிய சகோதரிகளையும் நினைவுகூர்வது நியாயமே. அதற்கு வேறு நாள் குறித்திருக்கிறோம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் சிறியதுபோலத் தோன்றும். ஓர் ஆசிரியர் விடுப்பில் சென்றால், அவருடைய இடத்திற்கு வருகிற பதிலி ஆசிரியரைப் பள்ளியும் பெற்றோரும் எவ்வாறு ஏற்று நடத்த வேண்டும் என்பதே அது.

இதை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. மூன்றாம் வகுப்பு ஆசிரியை மகப்பேறு விடுப்பில் செல்கிறார் என்ற செய்தி பரவியதும், ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நம்மைச் சூழ்ந்துகொண்டவர்கள் பலர். “புது டீச்சர் எத்தனை நாளைக்கு, சாமி?” என்பது முதல் கேள்வி. “இந்த வருஷம் மட்டும் பிள்ளையை வேறு பள்ளியில் போடட்டுமா?” என்பது அடுத்த கேள்வி. வருகிறவர் என்ன படித்தவர், எப்படிப்பட்டவர் என்று விசாரித்தவர்கள் ஒருவரோ இருவரோதான்.

விடுப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டில் அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு 2011இல் 6 மாதமாகவும், 2016இல் 9 மாதமாகவும், 2021 ஜூலை முதல் 12 மாதமாகவும் உயர்த்தப்பட்டது. நமது பள்ளியைப் போன்ற உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியைகளுக்கும் அந்தப் பயன் கிடைக்கிறது. இதைக் கேட்டு முணுமுணுப்பவர்கள் நம்மில் உண்டு. பெண் ஆசிரியைகளை வைத்தாலே இந்தத் தொல்லைதான் என்று ஒருவர் நம் காதுபடவே சொன்னார். தாயின் மடியில் பச்சைக் குழந்தை கிடக்க வேண்டிய நாட்களை எண்ணிப் பார்த்துப் பொருமுவது, மாதாவின் கையில் பாலனை வைத்து வணங்குகிற நமக்கு ஏற்ற பேச்சன்று. இந்த விடுப்பு நல்லது, வேண்டியது.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள் என்று வரையறுத்திருக்கிறது. பன்னிரண்டு மாத விடுப்பு ஜூன் மாதத்தில் தொடங்கினால் அந்த 200 நாட்களும் அதற்குள் அடங்கிவிடும். பெரியவர்களாகிய நமக்குத்தான் அது இடைக்காலம். பிள்ளைக்கு அதுவே மூன்றாம் வகுப்பு. அவன் அதை இன்னொரு முறை படிக்கப்போவதில்லை. அதே சட்டப்படி 60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்களே. அத்தகைய கிராமத்துப் பள்ளியில் ஒருவர் விடுப்பில் போனால் பாதிப் பள்ளி போனதாகும். அந்தமட்டில் நமது பள்ளி கொடுத்துவைத்தது.

திருத்தூதர் பணிகள் நூலில் ஒரு செய்தி உண்டு. அந்தியோக்கியாவில் விசுவாசிகள் பெருகியபோது, பர்னபா தர்சு நகருக்குப் போய்ச் சவுலைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்துவந்தார். இருவரும் ஓராண்டு முழுவதும் அந்தச் சபையில் தங்கி மக்களுக்குப் போதித்தார்கள். சீடர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலாக விழுந்ததும் அவ்வூரில்தான். ஓராண்டுப் போதனை! சவுலைப் பற்றி அப்போது பலருக்கு நல்லெண்ணம் இல்லை என்பதையும் மறக்கலாகாது. பர்னபா அவரை அழைத்துவந்து, “இதோ உம் இடம், பார்த்துக்கொள்ளும்” என்று விட்டுவிடவில்லை. கூடவே இருந்தார்.

நாம் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. புதியவர் வந்ததும் ஒரு சாக்குக்கட்டியைக் கையில் கொடுத்து, “அதோ அந்த வகுப்பு” என்று காட்டிவிடுகிறோம். எந்தப் பாடம் எதுவரை நடந்திருக்கிறது என்பதை அவர் பிள்ளைகளிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். பிள்ளைகளோ, நடந்த பாடத்தை நடக்கவில்லை என்றும், நடக்காததை முடிந்துவிட்டது என்றும் சொல்வதில் சமர்த்தர்கள். இரண்டு வாரம் இப்படியே கழிகிறது. பிறகு, “தற்காலிக டீச்சருக்கு ஒன்றும் தெரியவில்லை” என்று தீர்ப்புச் சொல்கிறோம்.

திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1950இல் ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தவர் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால். பிரான்சு நாட்டில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளை நிறுவிய இவர் 1719இல் காலமானார். மறு ஆண்டு அச்சேறிய, பள்ளிகளை நடத்தும் முறை பற்றிய அவருடைய நூலில் நமக்கு வேண்டிய விதி ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டு முடிவில் தம் மாணவர் ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு எழுதி மேலாளரிடம் ஒப்படைக்க வேண்டும். வயது என்ன, எத்தனை ஆண்டாகப் பள்ளியில் இருக்கிறான், குணம் எப்படி, குறை எது என்று அதில் இருக்கும். அடுத்து வரும் ஆசிரியர் அதைப் பார்த்துப் பிள்ளைகளை அறிந்துகொள்வார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன், இறகுப் பேனாவால் எழுதிய காலத்தில் செய்த காரியம் இது. இன்று எமிஸ் தளத்தில் பிள்ளையின் பிறந்த தேதியும் ஆதார் எண்ணும் இருக்கின்றன. அவன் எதற்கு அழுவான் என்பது இல்லை.

ஆகவே ஒவ்வொரு வகுப்பிற்கும் ஒரு கைமாற்றுக் குறிப்பேடு வைக்கும்படி தலைமை ஆசிரியையைக் கேட்டுக்கொண்டோம். நூறு பக்க நோட்டு ஒன்று போதும். பாடம் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பது முதலில். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்தார்கள் அல்லவா? யார் எந்த நிலையில் நிற்கிறார் என்பது அடுத்தது. பிறகு, கரும்பலகை தெரியாததால் முன்வரிசையில் உட்கார வேண்டியவள் யார், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் யார், தாய் தந்தை வெளியூரில் இருக்கப் பாட்டியிடம் வளர்கிறவர்கள் யார், மாலையில் யாரை யாருடன் அனுப்பலாம் என்பன. விடுப்பில் செல்கிற ஆசிரியை உடல்நிலை இடங்கொடுத்தால் மூன்று நாட்கள் புதியவருடன் வகுப்பில் சேர்ந்திருப்பார். இதற்கு அவர் மனமுவந்து சம்மதித்தார். நன்றி கூறுகிறோம்.

ஒருநாள், இரண்டுநாள் விடுப்பு வேறு வகை. அதற்கு வெளியிலிருந்து ஆள் தேட இயலாது. இரண்டு வகுப்பை ஒன்றாகச் சேர்த்து உட்காரவைப்பதும், பேசுகிறவர்கள் பெயரை வகுப்பு லீடர் கரும்பலகையில் எழுதுவதும்தான் எங்கும் நடப்பது. தலைமை ஆசிரியை அலமாரியில் ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு நாளுக்குரிய வாசிப்பும் கணக்கும் தயாராக இருந்தால் யார் போய் நின்றாலும் வகுப்பு நடக்கும். இதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை.

ஊதியத்திற்கு வருவோம். இங்கேதான் சங்கடம். 2022இல் அரசுப் பள்ளிகளின் காலியிடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்த அரசு முடிவு செய்தபோது, இடைநிலை ஆசிரியருக்கு மாதம் ரூ. 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு ரூ. 10,000, முதுகலை ஆசிரியருக்கு ரூ. 12,000 என்று நிர்ணயித்தது. கொத்தனாருக்குக் கல் எடுத்துக் கொடுக்கும் சித்தாளின் நாள் கூலியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சித்தாளுக்குச் சனிக்கிழமை மாலையில் கூலி கையில் வந்துவிடும். தற்காலிக ஆசிரியருக்கோ, “கழகப் பணம் வசூலானதும் தருகிறோம்” என்ற பதில்தான் பல இடங்களில் வருகிறது. திராட்சைத் தோட்ட உவமையில் கடைசி மணி நேரத்தில் வந்தவர்களுக்கும் முழுக் கூலி கிடைத்தது என்று அடிக்கடி பிரசங்கிக்கிறோம். அந்தக் கூலி அன்று மாலையே கொடுக்கப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும்.

நமது பள்ளியில் பதிலி ஆசிரியருக்கு நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் கழகமும்தான் பணம் தேட வேண்டியிருக்கிறது. கழகத்திடம் இருப்பது நாலைந்து மாதத்திற்கே போதும். பொன்விழா நினைவாகக் கோயில் முகப்பில் அலங்கார வளைவு கட்டுவதற்கென்று சேர்ந்த நிதி இருக்கிறது. வளைவை ஓராண்டு தள்ளிவைத்து, குறைகிற மாதங்களின் ஊதியத்தை அதிலிருந்து கொடுப்பது என்று பங்குப் பேரவை தீர்மானித்தது. நன்கொடை தந்தவர்களில் சிலருக்கு இதில் வருத்தம் இருப்பதை அறிவோம். தம் தந்தையின் பெயரை வளைவில் காணக் காத்திருந்தவர்கள் அவர்கள். அந்த ஆசையில் தவறில்லை. பணத்தைத் திரும்பக் கேட்பவர்களுக்குத் திருப்பித் தரவும் ஆயத்தமாக இருக்கிறோம். இதுவரை ஒருவர் கேட்டார், கொடுத்தோம். ஊதியம் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் வழங்கப்படும். எத்தனை மாதம், எவ்வளவு என்று எழுதிக் கையொப்பமிட்ட நியமனக் கடிதமும் கொடுக்கப்படும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். “லீவு டீச்சர்தானே” என்று காலை உணவுக் கணக்கு, எமிஸ் பதிவு, மணி அடிப்பது வரை எல்லாவற்றையும் புதியவர் தலையில் கட்டிவிடாதீர்கள். ஆசிரியர் அறையில் அவருக்கும் ஒரு நாற்காலி இருக்கட்டும். நான்காம் வகுப்பு ஆசிரியை மாலை மணி அடித்தபின் கால்மணி நேரம் அவருடன் உட்கார்ந்து, மறுநாள் பாடத்தைப் பேசிக்கொள்வார். புதியவரைப் பிள்ளைகள் சோதித்துப் பார்ப்பார்கள். அது பிள்ளை இயல்பு. அந்த வேளையில் பிரம்பைத் தேடுவதுதான் ஆபத்து. சட்டம் அதைத் தடுத்திருக்கிறது, தடுக்காவிட்டாலும் கூடாது. முதல் வாரம் தலைமை ஆசிரியை தினமும் ஒரு பாடவேளை அவ்வகுப்பின் பின்வரிசையில் உட்காருவார். வேவு பார்ப்பதற்கன்று; இவருக்குப் பின்னால் பள்ளி நிற்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிவதற்காக.

வருகிறவர் பக்கத்துப் பங்கைச் சேர்ந்த பெண். ஆசிரியர் பயிற்சி முடித்தவர். கொரோனாவுக்குப் பின் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக மாலை வகுப்பு நடத்தியவர். சான்றிதழ்களைச் சரிபார்த்தோம்; அவருடைய பங்குத்தந்தையிடமும் விசாரித்தோம். அறிமுகமில்லாத எவரையும் அவசரத்திற்குப் பிள்ளைகளிடையே நிறுத்துவது நம் வழக்கமன்று. அவர் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். தேர்வு நாளில் அவருக்கு விடுப்பு உண்டு. நடுவில் நிரந்தர வேலை கிடைத்தால் இரண்டு வாரம் முன்னறிவித்துவிட்டு, குறிப்பேட்டை ஒப்படைத்துப் போகலாம் என்றும் சொல்லியிருக்கிறோம். அப்படி நேர்ந்தால் மீண்டும் ஆள் தேட வேண்டும், சிரமந்தான். அதற்காக ஒரு பெண்ணின் பிழைப்பைக் கட்டிப்போட முடியாது.

பெற்றோர்களே, உங்களிடம் கேட்பது அதிகமில்லை. பிள்ளைகளின் எதிரில், “பழைய டீச்சர்போல வருமா?” என்று பேசாதீர்கள். மறுநாள் காலை அந்த வார்த்தை அப்படியே வகுப்பறைக்குப் போய்ச் சேரும். குறையிருந்தால் முதலில் அவரிடமே சொல்லுங்கள், பிறகு தலைமை ஆசிரியையிடம், கடைசியாக நம்மிடம். கோயில் வாசலில் வேண்டாம்.

அவர் வருகிற திங்கட்கிழமை பொறுப்பேற்கிறார். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவருடைய பெயரைச் சொல்லி அறிமுகம் செய்வோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் அன்று கால்மணி நேரம் முன்னதாக வந்து அவரைச் சந்திக்க வேண்டும். வேலைக்குப் போகிற தாய்மாருக்காக மாலை ஐந்து மணி வரையிலும் அவர் வகுப்பறையில் இருப்பார்.