வீட்டைச் சுற்றி விளைய வைப்போம்! வீதிக்கு வந்து உரிமை கேட்போம்!

(விவசாயிகள் சங்க ஒன்றியப் பேரவைக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை. கோரிக்கை விளக்கப் பிரசுரமாக வெளியிடப்படுகிறது.)



கூட்டத்துக்கு வரும் வழியில் ஒரு அண்ணன் கேட்டார்: “செயலாளரே, இன்னைக்குத் தேங்காய் விலையைப் பேசப் போறமா, கடனைப் பேசப் போறமா?” ரெண்டையும் பேசுவோம். அதற்கு முன்னால் உங்கள் வீட்டு அடுப்படியைப் பேசணும். இன்று காலையில் வைத்த குழம்பில் உங்கள் கொல்லையில் விளைந்தது என்னென்ன? எண்ணிப் பாருங்கள். தேங்காய் ஒன்று. அப்புறம்? கத்தரிக்காய் சந்தையில் வாங்கினது. எண்ணெய் பாக்கெட். கறிவேப்பிலைகூடக் கடையில் கொசுறு கேட்டு வாங்குகிறோம். ஊருக்கே சோறு போடுகிறவன் என்று நம்மைச் சொல்கிறார்கள். நம் வீட்டுச் சோறு பஸ் ஏறி வருகிறது!

நானும் அப்படித்தான் இருந்தேன். மூணு ஏக்கரில் ஏக்கருக்கு 70 மரம் கணக்கில் 210 தென்னை. வேறு ஒரு செடி கிடையாது. ரெண்டு போர். 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் வந்தது. விடிஞ்சு பார்த்தால் நின்றது 17 மரம். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ச் சீமையில் அன்றைக்கு அழாத வீடு ஏது? மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அறுபது வருசம் காய்க்கிற மரத்துக்கு அது விலையா என்று சாலையில் உட்கார்ந்தோம். சரியாகத்தான் கேட்டோம். ஆனால் மறியல் முடிந்து வீட்டுக்கு வந்தால் அன்றைக்குக் குழம்பு வைக்க ஒரு காய் இல்லை.

அப்போது எங்கள் வீட்டம்மா மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் ரெண்டு கை முருங்கைக்கீரையும் ஒரு பப்பாளிக்காயும் கொண்டு வந்தார். புயலில் முறிந்த முருங்கை, பதினைந்து நாளில் துளிர்த்திருந்தது. “இதெல்லாம் ஒரு விவசாயமா?” என்று நான் கேலி பண்ணிக்கொண்டிருந்த இடம் அது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

வெளிநாட்டுப் பேர், நம்ம வீட்டுச் சரக்கு

1978-இல் ஆஸ்திரேலியாவில் பில் மோலிசன், டேவிட் ஹோம்கிரன் என்ற இருவர் ‘பெர்மாகல்ச்சர்’ என்று ஒரு புத்தகம் போட்டார்கள். நிலைத்து நிற்கிற வேளாண்மை என்று அர்த்தம். 2017-இல் ஐதராபாத்தில் அதற்கு உலக மாநாடே நடந்தது. பேரைக் கேட்டு மிரள வேண்டாம். அவர்கள் சொல்கிற அறம் மூன்று: மண்ணைக் காப்பாற்று, மனுசனைக் காப்பாற்று, மிச்சத்தைப் பங்கு வை. வேலை முறையும் எளிது. தினம் பத்து தடவை போகிற இடம் வீட்டு வாசற்படிக்குப் பக்கத்தில் இருக்கணும்: கீரை, மிளகாய், கறிவேப்பிலை. தினம் ஒரு தடவை போகிற இடம் அதற்கு அடுத்து: கோழி, மாடு, காய்கறிப் பந்தல். அப்புறம் பழமரம். அப்புறம் வயலும் தோப்பும். கடைசியில் விறகும் தழையும் தருகிற காடு. நம் அப்பத்தா வீட்டில் வாசல், கொட்டில், கொல்லை, தோப்பு என்று இருந்ததும் இதே வரிசைதானே? நாம் கழித்துக் கட்டியதை அவன் எழுதி வைத்தான்.

முதலில் தண்ணி

ஒரு கணக்குச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். வருசத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கரில் விழுகிற தண்ணி 32 லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 270 லாரி. அவ்வளவையும் ஓடவிட்டு, செம்மண்ணையும் கூட அனுப்பிவிட்டு, கடன் வாங்கி ஆயிரம் அடிக்குத் துளை போடுகிறோம். ஆயிரம் சதுர அடி மாடி இருந்தால் அதில் மட்டும் வருசத்துக்கு 74 ஆயிரம் லிட்டர். நூற்றுக்கு இருபது வீணாய்ப் போனாலும் 59 ஆயிரம் கைக்கு வரும். முதல் மழையை வெளியே விட்டு, அடுத்ததை ஜல்லி, மணல், கரி போட்ட தொட்டி வழியாக வடிகட்டிக் கிணற்றுக்கு விடுங்கள்.

கொல்லையில் தண்ணியை நிறுத்த மட்டம் பார்க்கணும். இன்ஜினியர் வேண்டாம். ஒரே நீளத்தில் ரெண்டு கம்பு, குறுக்கே ஒரு கம்பு, கூடாரம் மாதிரி கட்டுங்கள். உச்சியில் கயிறு, கயிற்றில் கல். தரையில் ரெண்டு இடத்தில் கால் ஊன்றி, கயிறு குறுக்குக் கம்பைத் தொடுகிற இடத்தில் கோடு போடுங்கள். கால் மாற்றி ஊன்றி இன்னொரு கோடு. ரெண்டுக்கும் நடுவில் கயிறு நின்றால் அது சரிமட்டம். அப்படியே நகர்த்தி நகர்த்தி முளை அடித்து, அந்த வரிசையில் ரெண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம் வாய்க்கால் வெட்டி, மண்ணைப் பள்ளப் பக்கம் கரையாகப் போடுங்கள். தண்ணி ஓடாது, நின்று இறங்கும். கரையில் மரம் வையுங்கள்.

நான் செய்த தப்பையும் சொல்லணும். 2021 வடகிழக்குப் பருவமழை நினைவிருக்கா? என் வாய்க்கால் நிரம்பி, கரை உடைந்து, கீழ்க்கொல்லைக்காரர் போட்டிருந்த கடலையில் மண்ணை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டியது. மிச்சத் தண்ணி வெளியேற வழி வைக்காமல் வெட்டியிருந்தேன். கலிங்கு இல்லாமல் நம் முன்னோர் ஒரு குளம் வெட்டினது உண்டா? மாமன் முறைக்காரர் என்பதால் திட்டோடு விட்டார். நட்டத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வாய்க்காலைத் திரும்பத் தொட்டேன். இப்போது கருங்கல் அடுக்கி வழிந்தோடி வைத்திருக்கிறேன். அது அவர் பண்ணைக்குட்டைக்குப் போகிறது.

இருபது சென்ட் போதும்

பாத்திரம் கழுவும் தண்ணி எங்கே போகிறது? தெருச் சாக்கடைக்கும் கொசுவுக்கும். ஆறடி அகலம், மூணடி ஆழத்தில் வட்டக் குழி வெட்டுங்கள். தோண்டிய மண்ணைச் சுற்றிலும் மேடு கட்டி, குழிக்குள் மட்டை, சருகு, களை, குப்பை நிரப்புங்கள். மேட்டில் நாலு வாழை, ரெண்டு பப்பாளி, நடுவே சேம்பு. தண்ணியைக் குழிக்கு விடுங்கள். சாக்கடை தாராகிறது!

வேலிக்குக் கல்லுக்கால் வாங்க வேண்டாம். கிளுவை நடுங்கள், இடையில் ஆடாதொடை, நொச்சி. இந்த ரெண்டிலும் ஆடு வாய் வைக்காது. வரப்பில் கிளைரிசிடியா வைத்தால் தழை உரம் கடையில் வாங்க வேண்டாம். தென்னைக்கு நடுவில் வாழை, பலா, எலுமிச்சை, சேனை, மஞ்சள், மரத்தில் ஏறும் மிளகு. உயரமானது, நடுத்தரம், குட்டை, கொடி, கிழங்கு என்று ஒரே இடத்தில் ஐந்து அடுக்கு. ஒன்று விழுந்தாலும் ஒன்று நிற்கும். ஒன்றுக்கு விலை விழுந்தாலும் ஒன்று விற்கும். விதையைப் பெண்கள் கையில் கொடுங்கள். எங்கள் வீட்டில் இந்த இருபது சென்ட்டுக்கு அதிகாரி அவர்தான். நான் கூலி ஆள்.

வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேரளத்தில் லாரி பேக்கர் செங்கல்லை நெட்டாக நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையைப் பரப்பினார். நூற்றுக்கு இருபத்தைந்து செங்கல் மிச்சம். வெக்கையும் உள்ளே இறங்காது. மேற்கில் ஒரு புங்கை, வேம்பு நின்றால் மின்விசிறிச் செலவு குறையும்.

அப்போ போராட்டம் எதற்கு?

“தோட்டம் போட்டால் எல்லாம் சரியாப் போச்சா? போராட்டம் வேண்டாமா?” என்று சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. என் பதில் இதுதான். 2017-இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நாள்கணக்கில் உட்கார்ந்தோமே, எப்படி முடிந்தது? ஊர் ஊராக அரிசியும் காயும் வந்தது. பந்தலிலேயே உலை கொதித்தது. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அந்தச் சோறும் இருக்கிறது. போன தடவை நாம் போட்ட காத்திருப்புப் போராட்டத்தில் மூணாம் நாளே பாதிப் பேர் எழுந்து போனார்கள். ஏன்? வாரத் தவணைக்காரன் வீட்டு வாசலில் நிற்கிறான். வீட்டில் அரிசி பருப்பு வாங்கக் காசில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வயிறு கடைக்காரன் கையில் இருந்தால் வாய் நம் கையில் இருக்காது. நம்மாழ்வார் அய்யா இயற்கை விவசாயமும் சொல்லிக் கொடுத்தார், மீத்தேனை எதிர்த்து ஊர் ஊராகவும் நடந்தார். 2013 டிசம்பர் 30-இல் பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் உயிர் பிரியும் வரை அந்தப் பிரச்சாரத்தில்தான் இருந்தார். ரெண்டும் ஒரே வேலை.

இன்னொன்று. என் நிலத்தில் நான் எத்தனை வாய்க்கால் வெட்டினாலும், மேலே காட்டில் தைலமரத்துக்காக வரப்புப் போட்டுத் தண்ணியை மறித்தால் ஊர்க் குளம் நிரம்புமா? வரத்து வாரியை ஒருவர் வளைத்துப் போட்டால் என் மட்டக்கம்பு என்ன செய்யும்? மூணு சென்ட் மனைகூட இல்லாத கூலித் தோழர் எங்கே முருங்கை வைப்பார்? வேலிக்குள் நாம் செய்ய வேண்டியது ஒரு பங்கு. வேலிக்கு வெளியே கேட்டு வாங்க வேண்டியது மறு பங்கு. ஆகவே கேட்கிறோம்:

1. நம் பகுதிக் காடுகளில் தைலமரத்தை அகற்று. பலா, புளி, இலுப்பை, நாவல் என நம் மரங்களை நடு. அதன் மகசூலில் நிலமற்றோருக்குப் பங்கு கொடு.

2. வரத்து வாரிகளை அளந்து ஆக்கிரமிப்பை எடு. கலிங்குகளைப் பழுது பார்.

3. வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-இல் ஆணை வந்தது. அதைச் சிறு விவசாயிக்கு அலையவிடாமல் நடைமுறைப்படுத்து.

4. புயல், வறட்சி இழப்பீட்டில் கலப்புத் தோட்டத்தின் ஒவ்வொரு மரத்தையும் கணக்கில் எடு.

5. மனையில்லாக் குடும்பங்களுக்கு வீட்டோடு தோட்டம் போடும் அளவு மனைப்பட்டா கொடு. அரசு கட்டித் தரும் வீடு ஒவ்வொன்றுக்கும் மழைநீர்த் தொட்டி கட்டு.

தோழர்களே! 2019-இல் பேராவூரணிப் பெரிய குளத்தை ஊர் இளைஞர்களே நிதி திரட்டித் தூர்வாரினார்கள். நம்மால் முடியாதா? வருகிற ஆடிக்குள் கிளைக்குப் பத்து வீட்டில் வாழைக்குழி, கிளுவை வேலி, கூரைத் தண்ணி மூன்றும் செய்து முடிக்கணும். கம்பும் கயிறும் எடுத்துக்கொண்டு நான் வருகிறேன். சோறு மட்டும் போடுங்கள், உங்கள் கொல்லைக் கீரையோடு. மனு கொடுக்கப் போகும் நாளில் அந்தப் பத்து வீட்டுக் காய்கறியும் பந்தலுக்கு வரட்டும். இந்த முறை மூணாம் நாளில் யாரும் எழுந்து போக வேண்டாம்.

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக! மண்ணும் தண்ணியும் நமதே!