உட்காரும் உரிமை நமக்கும் உண்டு!

(தாம்பரத்தில் கடை ஊழியர்களிடையே பேசியதன் சாரம்)



நாற்காலிச் சண்டை என்றால் மந்திரி பதவிக்கு நடக்கும் சண்டை என்றுதான் பலரும் நினைப்பார்கள். நாம் பேச வந்தது ஒரு சாதாரண ஸ்டூலைப் பற்றி.

ஆசனம் வெறும் மரமல்ல. எதியோப்பியாவில் ஜிம்மா வட்டாரத்து ஒரோமோ மக்கள் ஒரே மரத்தைக் குடைந்து, மூன்று கால் நாற்காலி செதுக்குகிறார்கள். அது மரியாதைக்குரிய ஆசனம். நாமும் கலியாணத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மணையில் அமர்த்துகிறோம். உட்கார வைப்பது மரியாதை என்றால், நிற்க வைப்பது என்ன?

பண்ணையார் திண்ணையில் அமர, உழுதவன் வாசலில் கைகட்டி நின்ற காலம் மலையேறிவிட்டது என்கிறார்கள். மலையேறிவிட்டதா? 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். மற்றவர்களுக்கு நாற்காலி! படம் வெளியே வந்த பிறகே வழக்குப் பதிவாயிற்று.

அங்கே சாதி நாற்காலியைப் பறித்தது. ஜவுளிக்கடையில் லாபம் பறிக்கிறது. தாம்பரம், குரோம்பேட்டை, தியாகராய நகர் - எங்கும் சேலை வாங்க வருகிறவருக்கு நாற்காலி உண்டு. விரித்துக் காட்டும் பெண் காலையிலிருந்து இரவுவரை நிற்கிறாள். கால் வீங்குகிறது, இடுப்பு விட்டுப் போகிறது.

இந்தக் கோரிக்கை புதிதல்ல. இங்கிலாந்தில் 1899-லேயே, கடைகளில் மூன்று பெண் ஊழியருக்கு ஓர் ஆசனமாவது போட வேண்டுமெனச் சட்டம் வந்தது. கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் ஒன்றுகூடிப் போராடினார்கள். 2018-ல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 1947-ம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும். வேலைக்கிடையே சந்தர்ப்பம் கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது அது.

'சந்தர்ப்பம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதைத் தீர்மானிப்பது யார்? மேற்பார்வையாளர் கண்ணை உருட்டினால், போட்ட ஸ்டூலும் காட்சிப் பொருள்தான். ஒருத்தி உட்கார்ந்தால் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடலாம். அந்த மாடியில் வேலை செய்கிற அத்தனை பேரும் உட்கார்ந்தால்?

ஆகவே, உங்கள் கடையில் எத்தனை பேர், எத்தனை ஸ்டூல் என்று எண்ணிப் பாருங்கள். எழுதிக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் கூட்டாக மனுக் கொடுப்போம். சட்டம் ஸ்டூலைத் தரும். அதில் உட்காரும் தைரியத்தைச் சங்கம்தான் தரும்!