வாசலும் வாட்டமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், மேற்கு மாம்பலத்தில் ஆற்றிய உரை)



‘கவிதையில் வீடு’ என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் பணித்தார். ஒப்புக்கொண்டு குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். நினைவுக்கு வந்தவை கவிதைகள் அல்ல. இருபத்து மூன்று மூட்டை சிமெண்ட். ஆகவே தலைப்பிலிருந்து சற்று விலகி, என் வீட்டு முன்வாசலுக்கு நான் சொரசொரப்பான கான்கிரீட் போட்ட கதையைச் சொல்லப்போகிறேன். இது இலக்கியக் கூட்டத்துக்கு உரிய பொருளா என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்தருள வேண்டும்.

நம் வட்டத்தின் ஆண்டு மலர்களைப் புரட்டிப் பாருங்கள். வாசல் வராத மலர் இல்லை. அந்த வாசலில் விடியற்காலையில் சாணம் தெளிக்கிறார்கள், மண் மணக்கிறது, மழை விழுந்ததும் மறுபடி மணக்கிறது. எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆரிய கவுடா சாலைக்கும் லேக் வியூ ரோட்டுக்கும் இடைப்பட்ட தெருக்களில் வசிப்பவர்கள். அந்தத் தெருக்களில் சாணம் தெளிக்க மண் எங்கே இருக்கிறது? நானும் அப்படி எழுதியவன்தான். பிறரைக் குறை கூறிவிட்டு நழுவுவது என் நோக்கம் அன்று.

2021 நவம்பர் மழையில் தியாகராய நகரும் மேற்கு மாம்பலமும் நாள்கணக்கில் நீரில் நின்றது உங்கள் நினைவில் இருக்கும். நீர் வடிந்த பிறகு எங்கள் முன்வாசலின் பழைய சிமெண்ட் தரையில் பாசி பிடித்தது. பால் பாக்கெட் எடுக்கப்போன என் தாயார் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எண்பது வயதுக்குமேல் எலும்பு கூடுவது எளிதன்று. அந்தத் தரையை உடைத்து, கால் வழுக்காத தரையாகப் போடுவதென்று அன்றே முடிவு செய்தேன். காரும் நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் டிரைவ்வே என்கிறார்கள். மாம்பலத்தில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு நீளமெல்லாம் கிடையாது. எங்கள் கேட்டுக்கும் போர்டிகோவுக்கும் இடையே இருபத்திரண்டு அடி. அகலம் பதினான்கு அடி.

அச்சுப் பதிக்கும் கான்கிரீட் போடலாம் என்று ஒருவர் மாதிரிப் படங்களுடன் வந்தார். ஈரமாக இருக்கும்போதே மேலே வண்ணப் பொடி தூவி, ரப்பர் அச்சுகளை வைத்து அழுத்தினால், தரை கருங்கல் பாவியதுபோல் ஆகிவிடும். வேண்டுமானால் செங்கல்போல், மரப்பலகைபோலவும் ஆகும். அழகாகத்தான் இருந்தது. ஆனால் ‘போல், போல்’ என்று அவர் சொல்லச் சொல்ல, உவமையை மட்டும் நம்பி எழுதப்படும் கவிதை என் நினைவுக்கு வந்தது. கான்கிரீட் கான்கிரீட்டாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். விலையும் ஒரு காரணம், அதை மறைப்பானேன்?

எங்களுக்கு வாய்த்த மேஸ்திரி வந்தவாசிப் பக்கத்துக்காரர். பழைய தரையை உடைத்து, மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, தெருவைவிட முக்கால் அடி உயர்த்தினார். உயர்த்தத்தான் வேண்டியிருந்தது. எங்கள் வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏற வேண்டும். பழைய பரப்பைச் சுரண்டாமல் சாலையின்மேல் சாலை போட்டுப் போட்டு, தெரு இரண்டு படிகளை விழுங்கிவிட்டது. சுரண்டிய பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் அரசே அறிவுறுத்தியது. அதற்குள் எங்கள் படிகள் போய்விட்டன.

பிப்ரவரி 2022-இல் ஒரு நாள் காலை ஆறு மணிக்கே கலவை இயந்திரம் வந்துவிட்டது. வெயில் ஏறினால் கலவை விரைவில் இறுகிவிடும் என்பதால் அந்த அவசரம். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரைப் பங்கு எம்-சாண்ட், மூன்று பங்கு ஜல்லி. நான்கு அங்குலக் கனம். ஏழடிக்கு ஒரு கண்ணாடிப் பட்டை வைத்து மூன்று பத்தியாகப் பிரித்தார்கள். ஏன் என்று கேட்டேன். “விரிசல் எப்படியும் வரும் சார். அது நாம சொல்ற எடத்துல வரட்டும்னுதான்” என்றார் மேஸ்திரி. யாப்பிலக்கணம் கற்பிக்கும் நண்பர்கள் இந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம்.

கொட்டி, மட்டப்பலகையால் இழுத்து, கரணையால் தேய்த்தார்கள். மேலே கசிந்து நின்ற நீர் மறையும்வரை ஒருவரும் அதைத் தொடவில்லை. பிறகு மேஸ்திரி கட்டைவிரலை மெல்ல அழுத்திப் பார்த்தார். தடம் விழுந்தது, விரலில் ஒட்டவில்லை. “கொண்டா” என்றார். சித்தாள் அம்மா புதிய தென்னந்துடைப்பம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை நனைத்து உதறி, வண்டி ஏறும் திசைக்குக் குறுக்காக, ஒரே சீராக இழுத்துக்கொண்டே வந்தார்கள். நெல்வயலின் உழவுச்சால்போல மெல்லிய கோடுகள் எழுந்தன. (பாருங்கள், உவமை என்னையும் விடவில்லை.) வாசலைப் பெருக்கும் துடைப்பம்தான் வாசலின் தோலையும் எழுதியது. சற்று முந்தி இழுத்தால் ஜல்லி கிளம்பிவிடுமாம். பிந்தினால் கோடே விழாதாம். இடைப்பட்ட பொழுது அன்றைக்கு அரை மணி நேரம்கூட இல்லை.

மறுநாள் காலை, களிமண்ணால் சிறு வரப்பு எடுத்து, சதுரம் சதுரமாக நீர் நிறுத்தினார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘பாத்தி கட்டுதல்’. ஊரில் நிலத்தை விட்டுவிட்டு வந்தவர், சென்னையில் கான்கிரீட்டுக்குப் பாத்தி கட்டுகிறார். சிமெண்ட் காய்வதால் கெட்டிப்படுவதில்லை. நீரோடு வினைபுரிந்துதான் கெட்டிப்படுகிறது. ஆகவே ஒரு வாரத்துக்கு மேல் அதை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தச் சொற்களெல்லாம் நம் கவிதைகளுக்கு வெளியே, நம் வாசலிலேயே நிற்கின்றன: கரணை, ரசமட்டம், திமிசு, பாத்தி.

சிமெண்ட் அந்நியச் சரக்கு, அதில் தமிழ் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு 1824-இல் காப்புரிமை பெற்றவர் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின், அது உண்மை. ஆனால் இந்தியாவில் சிமெண்ட் உற்பத்தி செய்யும் தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று 1904-இல் நம் சென்னையில் நடந்தது. கடற்கிளிஞ்சலைக் கொண்டு செய்தார்கள். அது நிலைக்கவில்லை. அதற்கும் முன்னே, கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்துச் சலவைக்கல்போல் மெருகேற்றும் பூச்சுக்கு இவ்வூர் பெயர் பெற்றிருந்தது. வழவழப்புக்குப் புகழ்பெற்ற ஊரில் இன்று சொரசொரப்புக்குக் கூலி கொடுக்கிறோம்.

முற்றத்தில் எதையேனும் கொண்டுவந்து பரப்புவது புதிய பழக்கமும் அன்று. நெடுநல்வாடையில் அரண்மனை முற்றத்தில் பரப்பியிருப்பது வேறிடத்திலிருந்து கொண்டுவந்த மணல். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் முற்றம் மனிதன் செய்த தரைதான். ஆனால் அந்த மணல் மழையை உள்ளே விட்டது. என்னுடைய தரை விடாது. நான் பேச வந்ததே இதைத்தான்.

கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தின மாலை, நூல் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி என்னிடம் வந்து கேட்டார்: “வாட்டம் எந்தப் பக்கம் சார் விடணும்?”

நீர் வடிவதற்காகத் தரைக்குக் கொடுக்கும் சரிவைக் கொத்தனார்கள் வாட்டம் என்பார்கள். ஐந்து அடிக்கு ஒரு அங்குலம் கொடுத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். அந்த நேரத்தில் என் கையில் நம் ஆண்டு மலரின் மெய்ப்பு இருந்தது. அதில் வாடிய முகத்தைப் பற்றி வந்திருந்த ஒரு கவிதையில், வாட்டம் என்ற சொல்லுக்கு ஒற்று மிகுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே “தெருப் பக்கம்” என்றேன். எல்லாரும் அப்படித்தான் விடுகிறார்கள். அவரும் அப்படித்தான் விட்டார்.

அவ்வாண்டு நவம்பரில் ஒரு சாதாரண மழை. புயல்கூட இல்லை. தாயார் வழுக்காமல் கேட்டுவரை நடந்துபோய் வேடிக்கை பார்த்தார். எனக்கும் மகிழ்ச்சிதான். அப்போது எதிர்வீட்டு மாமி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துடைப்பத்தால் தம் வீட்டு நடையிலிருந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அவர்கள் வீடு பழையது, உயர்த்த வசதியில்லை, தெருவுக்குக் கீழே போய்விட்டது. என் கேட்டின் அடியிலிருந்து ஒரு பட்டையாக ஓடிய நீர், தெருவைக் கடந்து நேரே அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. மாமி ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார்.

அன்றிரவு கணக்குப் போட்டேன். முந்நூற்றெட்டு சதுர அடியென்றால், ஏறக்குறைய 28.6 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அப்படியானால் என் முன்வாசலில் மட்டும் விழும் நீர் ஆண்டுக்கு நாற்பதாயிரம் லிட்டர். ஒன்பதாயிரம் லிட்டர் லாரி என்றால் நாலரை லாரி. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த நாள்களில் லாரிக்காக இதே கேட்டருகே நள்ளிரவில் காத்திருந்தவன் நான். 2003-இல் அரசு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது மொட்டைமாடி நீருக்குக் குழாய் வைத்து, குழி வெட்டி, சட்டத்துக்கு உட்பட்ட குடிமகனானேன். முன்வாசலைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை. அப்போது அதன் பாதி மண்ணாக இருந்தது. ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகர் எழுந்ததை நாம் கட்டுரை கட்டுரையாக எழுதி வருந்துகிறோம். லேக் வியூ என்ற பெயர்ப்பலகை இருக்கிறது, லேக் இல்லை என்று நகைச்சுவையும் செய்கிறோம். ஏரியின் கடைசித் துண்டு ஒன்றை என் வாசலில் நானே மூடினேன்.

ஜனவரியில் மேஸ்திரியை மறுபடி அழைத்தேன். வந்து பார்த்தவர், “நான் அப்பவே கேட்டேனே சார்” என்றார். கேட்டது உண்மை. கேட்டுக்கு உட்புறமாக அரையடி அகலத்துக்குத் தரையை அறுத்து எடுத்து, வாய்க்கால் கட்டி, இரும்புக் கிராதி போட்டார். ஓரத்தில் உறை இறக்கிய குழி ஒன்று. அதற்கு முன்னால் ஜல்லியும் மணலும் நிரப்பிய தொட்டி. கார் நிற்கும் தரையாதலால் எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் முதல் மழையை விட்டுவிடத் தனி அடைப்பும் உண்டு. புதிய தரையை மின்வாளால் அறுத்தபோது எழுந்த ஓசை, தெருவெல்லாம் கேட்டது. எதிர்வீட்டு மாமி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

என் மனைவியின் வழக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது. துடைப்பக் கோட்டின்மேல் கோலப்பொடி நிற்பதில்லை. புள்ளி வைத்தால் சிதறுகிறது, இழை இழுத்தால் பள்ளத்தில் இறங்கிவிடுகிறது. தாயாரின் கால் வழுக்காதிருக்கப் போட்ட தரை, கோலத்தையும் நிற்கவிடவில்லை. அறுக்க வந்த அன்று அவள் மேஸ்திரியிடம் நேராகப் பேசி, வாய்க்காலுக்கு அப்பால் கேட்டோரமாக மூன்றடிக்கு மூன்றடி வெட்டி எடுக்கச் செய்துவிட்டாள். சிமெண்ட் பூசட்டுமா என்று அவர் கேட்டதற்கு, வேண்டாம், மண்ணாகவே இருக்கட்டும் என்றாளாம். என்னைக் கேட்கவில்லை. இப்போது காலையில் அங்கே தண்ணீர் தெளிக்கிறாள். மார்கழியில் அந்தச் சதுரத்துக்குள் அடங்கும் சிறு கோலம்தான். தாயார் அந்த மூலையைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்.

எங்கள் பக்கத்து வீட்டில் அடுத்த வாரம் முன்வாசல் வேலை தொடங்குகிறது. அதே மேஸ்திரிதான். அச்சுப் பதிப்பதாக முடிவாம், கருங்கல்போல. அவர்கள் விருப்பம். நூல் கட்டும் மாலையில் மட்டும் அங்கே போய் நிற்பதாக இருக்கிறேன்.