அடுப்புக் கரியும் நெடுவாசல் வளியும்
(கீரமங்கலத்தில் ஆற்றப்பெற்ற உரை)



அடுப்பில் எஞ்சும் கரியை அறியாதார் எவருமிலர். அக் கரியின் பெயரடியாகவே அறிவியல் தமிழ் ஒரு தனிமத்திற்குக் 'கரிமம்' எனப் பெயரிட்டது. 'கார்பன்' என்பதும் கரியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. மேலையர் தம் அடுப்பிலிருந்து எடுத்த பெயரை, தன் வீட்டிலேயே அடுப்புடைய தமிழன் கடன்வாங்க வேண்டுவதில்லை. 'கார்பன்' எனக் கேட்டு மருளும் சிறுவன், 'கரிமம்' என்றதும் பொருளைக் கண்முன் காண்கின்றான்.

இக் கரிமத்தின் அணுவெண் 6. கீரமங்கலத்து வீடுகளில் அஃதில்லாத மூலையே இல்லை எனலாம். உண்ணும் சோறு, தேங்காயெண்ணெய், பருத்தியுடை, தோட்டத்துப் பலா, சந்தைக்குச் செல்லும் மல்லிகை ஆகிய அனைத்திலும் கரிமம் உண்டு. மாந்தவுடலின் எடையிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கு அதுவே.

பள்ளிச் சிறுவன் எழுதும் கோலினுள் இருப்பதை ஆங்கிலர் 'ஈயம்' என்பர்; அதில் ஈயம் அணுவளவும் இல்லை. தமிழோ 'கரிக்கோல்' என உள்ளதை உள்ளவாறே உரைக்கும். முதிர்மரத்தின் உள்ளுறுதியும் வயிரம். ஒளிரும் மணியும் வயிரம். இரண்டினும் நிற்பது கரிமமே.

தென்னை தன் கரிமத்தை மண்ணிலிருந்து எடுப்பதன்று, காற்றிலிருந்தே எடுக்கின்றது. காற்றில் பத்து இலக்கம் பங்கிற்கு 420-க்கும் சற்று மிகுதியாகவே கரிவளி உள்ளது. அச் சிறுபங்கை இலை ஈர்த்து, கதிரொளியின் துணையால் நீரோடு கூட்டிச் சருக்கரையும் மாவும் நாரும் ஆக்குகின்றது. 2018-இல் கசா புயல் சாய்த்த தென்னைகள், இவ்வாறு பல்லாண்டு சேர்த்த செல்வமே. சிரட்டையைக் காற்றுப் புகாது சுட்டால் கரியாம். அக் கரியைப் பதப்படுத்தினால் நீரைத் தூய்மை செய்யும்.

மண்மேல் வளர்வது இன்றைய பயிரின் கரிமம். மண்ணுக்கடியில் புதைந்திருப்பதோ பண்டைய உயிர்களின் கரிமம். காவிரிப் படுகையின் எண்ணெயும் எரிவளியும் இவ்வகையினவே. 2017 மாசித் திங்களில் நடுவணரசு அவற்றை எடுக்க ஒப்புதலளித்த 31 பகுதிகளுள், கீரமங்கலத்திற்கு அண்மையிலுள்ள நெடுவாசலும் ஒன்று. அத்திட்டம் 'ஐதரோகார்பன்' என்னும் பெயரோடு ஊருக்குள் நுழைந்தது. நீரகமும் கரிமமும் சேர்ந்ததே அது. 'நீரகக்கரிமம்' என்றிருந்தால் உழவர் அன்றே அதன் உட்பொருளைத் தெளிந்திருப்பர். ஒரு கரிம அணுவோடு நான்கு நீரக அணுக்கள் கூடியதே மீத்தேன்.

ஆயினும் பெயர் மறைத்ததை நிலத்தறிவு காட்டிற்று. நிலத்தடி நீரும் விளைநிலமும் கெடுமென அஞ்சிய மக்கள் ஒப்புதல் வெளிவந்த மறுநாளே போராட்டந் தொடங்கினர். ஊரூராக ஆடவரும் பெண்டிரும் திரண்டனர். 2020-இல் தமிழக அரசு வேளாண் மண்டலக் காப்புச் சட்டம் இயற்றி, புதுக்கோட்டை மாவட்டத்தின் சில ஒன்றியங்களையும் அதனுட் சேர்த்தது. புதிய எண்ணெய், எரிவளித் தோண்டலை அது தடுக்கின்றது. ஆனால் அதற்கு முன்பே தொடங்கிய பணிகளை அது தொடுவதில்லை. ஆகலின் விழிப்பு இன்னும் வேண்டப்படுகின்றது.

அறியாச் சொல்லில் எழுதப்பெற்ற ஆவணத்தின்கீழ் தன் நிலம் கைமாறுவதை உழவன் எங்ஙனம் தடுப்பான்? தாய்மொழியில் அறிவியல் என்பது புலவர்தம் பொழுதுபோக்கன்று, மண்ணுக்கிட்ட வேலியாம். கரிமத்தைத் தமிழில் அறிந்த பிள்ளையே நாளை தன் தோட்டத்தைக் காப்பான்.

வெல்க தமிழ்!