திட்டம் போட்ட ஊருக்கும் வயதாகும்

(சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் பெரிய படிப்பாளி அல்ல. மெட்ரிகுலேஷன் தேறியவன். இரயில்வே குமாஸ்தா. இரயிலே ஓடாத இந்தத் தீவில் இரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று கேலி செய்பவர்கள் உண்டு. கப்பல் சென்னைத் துறைமுகத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் மதுரைக்கும் மானாமதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போகிறவர்களுக்கு டிக்கெட் வேண்டுமல்லவா? ஆகவே நாம் எங்கே போகிறோம், எத்தனை பேராகப் போகிறோம், எத்தனை பேராகத் திரும்பி வருகிறோம் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் இன்றைக்குப் பேசுகிறேன்.

இன்றைய பொருள், நாம் குடியிருக்கும் காலனிகள். பொறியாளர்கள் வரைபடம் போட்டு, சாலை இவ்வளவு, சாக்கடை இவ்வளவு, வீட்டுக்கு ஒரு குழாய் என்று கணக்கிட்டுக் கட்டிய ஊர்கள். வரைபடம் போட்ட அன்றைக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் ஊருக்கும் வயதாகிறது. குழந்தை வாலிபனாகிறான், வாலிபன் தகப்பனாகிறான், தகப்பன் கிழவனாகிறான். குழாய் மட்டும் அன்று போட்ட அதே குழாய்! அதை மாற்ற வேண்டும் என்று யார் சொல்வது? யாரிடம் சொல்வது? எப்படிச் சொல்வது? இதுதான் கேள்வி.

முதலில் சென்னைக்குப் போவோம். மாம்பலம் இரயில் நிலையத்தில் இறங்காத தமிழன் குறைவு. இன்றைய தியாகராய நகரின் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஏரி. நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து சைதாப்பேட்டை பக்கம் வரை நீண்டு கிடந்த நெட்டேரி. 1920-இல் சென்னை மாகாணத்தில் நகரத் திட்டச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து அந்த ஏரியை வடித்து, மனை பிரித்து, பூங்கா வைத்துப் புறநகர் உண்டாக்கினார்கள். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார இரயில் ஓடியது. மரமும் தோட்டமுமாகத் தனித்தனி வீடுகள். அன்றைக்கு அது அழகான திட்டம்தான்.

பிறகு என்ன ஆயிற்று? தனி வீடு இருந்த மனையில் அடுக்குமாடி வந்தது. ரங்கநாதன் தெரு கடைத் தெருவாயிற்று. தெருவின் அகலமோ கூடவில்லை. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் மழை கொட்டியபோது தியாகராய நகர்த் தெருக்களில் தண்ணீர் நின்றது. ஏரி தன் இடத்தைக் கேட்டு வந்தது என்று சனங்கள் சொன்னார்கள். அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. வரைபடத்தில் ஏரியை அழித்துவிடலாம், பள்ளத்தை அழிக்க முடியாது.

ஆனால் அந்த ஊர் மாறவே இல்லையா என்றால், மாறியது. 2019-இல் பாண்டி பஜாரில் நடப்பவர்களுக்காக அகல நடைபாதை அமைத்தார்கள். 2023-இல் மாம்பலம் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை ஆகாய நடைபாலம் திறந்தார்கள். கூட்டம் நசுங்கத் தொடங்கி எத்தனை வருஷத்துக்குப் பிறகு! பணக்காரர்களும் பெரிய வியாபாரிகளும் உள்ள பேட்டைக்கே அவ்வளவு காலம் ஆயிற்று என்றால், கேட்க ஆளில்லாத காலனிக்கு எவ்வளவு காலம் ஆகும்? எண்ணிப் பாருங்கள்.

அடுத்து சிங்கப்பூர். அங்கே தோ பாயோ என்று ஓர் ஊர். 1960-களில் அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முழுக்கத் திட்டமிட்டுக் கட்டியது. நம் தமிழர்களும் அங்கே குடியிருக்கிறார்கள். அந்தக் காலத்து அடுக்குமாடிகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது, சில மாடிகளில் மட்டும் நிற்கும். மற்றவர்கள் இறங்கி ஒன்றிரண்டு மாடி படியேறிப் போக வேண்டும். குடி வந்தவர்கள் இளம் வயதினர், ஆகவே யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. முப்பது வருஷம் கழித்து அதே மனிதர்களுக்கு முழங்கால் வலி வந்தது. படி அதே படி, கால் வேறு கால்!

அரசாங்கம் என்ன செய்தது? 2001-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பழைய கட்டடங்களில் எல்லா மாடியிலும் மின்தூக்கி நிற்கும்படி மாற்றுவது. ஒவ்வொரு கட்டடத்திலும் வீட்டுக்காரர்களிடம் வாக்கெடுத்தார்கள். நூற்றுக்கு 75 பேர் சம்மதித்தால் வேலை தொடங்கும். செலவில் பெரும்பங்கு அரசாங்கம், சிறு பங்கு குடியிருப்பவர்கள். இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. குடிமக்களின் வயதைக் கணக்கெடுத்தார்கள், அவர்களுடைய வாக்கைக் கேட்டார்கள், பாரத்தைப் பங்கிட்டார்கள்.

மூன்றாவது உதாரணம் நம்முடைய தீவுக்கூட்டத்திலேயே இருக்கிறது, கொஞ்சம் வருத்தமானது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய நம் மக்களில் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தோட்டத்து ஊரில் வேலையும் வீடும் தண்ணீரும் ஒரே கையிலிருந்து வரும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி அந்தத் தீவைச் சூறையாடியது. தோட்டத்தை நடத்திய வன மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகத்தை மூட 2017-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கொடுக்கிற கை ஒன்றேயாக இருந்தால், அந்தக் கை மடங்கும் நாளில் ஊரே மடங்கிவிடும். குடியிருக்கிறவர்களுக்கென்று ஓர் அமைப்பு, ஒரு கணக்கு, ஒரு குரல் வேண்டும் என்பதை இது சொல்கிறது.

தோழர்களே, இனி நம் வாசலுக்கு வருவோம். சுனாமிக்குப் பிறகு சனங்களை முதலில் தகரக் கொட்டகையில் வைத்தார்கள். வெயிலில் அது வெந்தது, மழையில் அது பறை கொட்டியது. பிறகு படிப்படியாக, தீவுகள் எங்கும் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட நிரந்தர வீடுகளைக் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்பது கணக்கு. சுனாமி நடந்து இருபது வருஷம் கடந்துவிட்டது. அன்று ஐந்து வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று கல்யாணமாகி, கையில் ஒரு குழந்தை. ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு. செப்டிக் டாங்கியோ ஒரு குடும்பத்துக்குக் கட்டியது. இரும்பையும் தகரத்தையும் உப்புக் காற்று தின்கிறது. நடந்து போகப் போட்ட பாதையில் இன்று மோட்டார் சைக்கிளும் தண்ணீர் லாரியும் ஏற வேண்டியிருக்கிறது.

மேலே ஒரு மாடி எடுத்துவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். தாய்மார்களே, இதை மட்டும் நன்றாகக் கேளுங்கள். நாம் இருப்பது நிலநடுக்க அபாயம் மிக அதிகமான பூமி. அந்தச் சுவரும் அஸ்திவாரமும் மேல் மாடிக்காகப் போட்டவை அல்ல. பொறியாளரைக் கேட்காமல் ஒரு செங்கல்லும் ஏற்றாதீர்கள். இன்னொன்று. 2004 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் பக்கம் போனால் வயலாக இருந்த இடத்தில் கடல் தண்ணீர் நிற்பதைப் பார்க்கலாம். தாழ்வான இடத்தில் பழைய மட்டத்துக்குப் போட்ட சாக்கடையில் ஓதம் ஏறும்போது தண்ணீர் வெளியே போகாது, உள்ளே வரும். குப்பை அள்ளினால் மட்டும் தீராத தொல்லை இது. மட்டம் பார்த்து மாற்றிக் கட்டினால்தான் தீரும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியுமா? சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் போர்ட் பிளேரில் சுமார் 3,000 மில்லிமீட்டர். இரண்டு மடங்குக்கு மேல்! ஆனாலும் கோடை வந்தால் முறை வைத்துத்தான் தண்ணீர். ஏன்? மலை செங்குத்து, ஓடை குட்டை, பெய்த மழை கணத்தில் கடலுக்குப் போய்விடுகிறது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வானம் வறண்டு கிடக்கிறது. நகரத்தின் பெரிய ஆதாரம் 1973-இல் வந்த தனிகாரி அணை. அணை வந்த நாளில் இருந்த ஊர் வேறு. 2011 கணக்கெடுப்பிலேயே நகரத்தின் சனத்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

ஒரு குமாஸ்தாவின் கணக்கைக் கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் கூரை 40 சதுர மீட்டர் என்றால் 100 மில்லிமீட்டர் மழையில் 4,000 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் வீதம் ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர். நூறு வறண்ட நாளுக்கு 2,500 லிட்டர். ஆகவே டிசம்பர் முடிவதற்குள் ஒரு நல்ல தொட்டியை நிரப்பி மூடி வைத்தால், முதல் மழையைக் கழித்துவிட்டு வடிகட்டிப் பிடித்தால், கோடையில் குடத்தோடு நிற்கிற சண்டை பாதி ஓயும். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். இங்கே தனித்தனி வீட்டுக்குத் தொட்டி கட்டப் பணமில்லை என்றால் பத்து வீட்டுக்கு ஒரு தொட்டி கேட்போம். கேட்பதற்கு முன் கூரையை அளந்து கையில் எடுத்துக்கொண்டு போவோம்.

ஆனால் தோழர்களே, நம்மில் பெரும்பாலோர் அந்த வரைபடத்தில் இல்லவே இல்லை என்பதுதான் மூலக் கோளாறு. காலனி வீட்டின் பின்புறம் தகரம் இறக்கிய ஒரு அறை. அதில் வாடகைக்கு ஒரு கொத்தனார் குடும்பம். அடுத்த அறையில் கட்டட வேலைக்கு வந்த ஆறு பையன்கள். எல்லோரும் குடிப்பது வீட்டுக்காரரின் ஒரே குழாயில். அதிகாரி காகிதத்தில் "ஒரு வீடு, ஒரு இணைப்பு." அந்த வாசலுக்குள் பதினாறு உயிர் இருப்பது காகிதத்துக்குத் தெரியாது. 2011 கணக்குப்படி இந்தத் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஐம்பத்தேழாயிரத்துக்கு மேல், நூற்றுக்குப் பதினைந்து பேர். 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கை எடுக்கவில்லை. அடுத்த கணக்கெடுப்பின் தேதி 2027 மார்ச் 1 என்று அறிவித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் விடுபட்டால் குழாயிலும் விடுபடுவோம், பள்ளிக்கூடத்திலும் விடுபடுவோம். கணக்கெடுக்க வருகிறவரிடம் வாடகைக்காரர்களும் தங்களைச் சொல்லுங்கள். குடியிருக்கிற ஆளை எண்ணுகிற கணக்கு அது, பட்டா யார் பேரில் என்று கேட்கிற கணக்கு அல்ல.

"அண்ணே, நாம எப்படியும் ஊருக்குத் திரும்பிப் போறவங்கதானே, இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். கவுண்டரின் இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்க்கிறேன். இரண்டு வருஷத்தில் போய்விடுவேன் என்று தனியாக டிக்கெட் எடுத்தவர், பிறகு மனைவிக்கும் சேர்த்து எடுத்தார். பிறகு அரை டிக்கெட் இரண்டு. இப்போது பேரப்பிள்ளையின் காது குத்துக்குக் குலதெய்வக் கோவிலுக்குப் போகிறார், திரும்பி வரவும் சேர்த்தே டிக்கெட் கேட்கிறார். போவது உறவுக்கு, வருவது வீட்டுக்கு. வீடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் தண்ணீரும் வேண்டும், ஆஸ்பத்திரியும் வேண்டும்.

ஆகவே சங்கம் ஒரு வேலையை உங்கள் முன் வைக்கிறது. தெருவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம். வீட்டுக்கு ஒரு வரி. அதில் எழுத வேண்டியவை: எத்தனை தலை, என்ன வயது, சொந்தமா வாடகையா, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை எவ்வளவு நேரம் வருகிறது, செப்டிக் டாங்கியைக் கடைசியாக எப்போது எடுத்தார்கள், படியேற முடியாதவர் யார், பள்ளி செல்லும் பிள்ளை எத்தனை. வாடகைக்காரர் பேர் எழுத அஞ்சினால் பேர் வேண்டாம், தலை எண்ணிக்கை போதும். கூட்டங்களில் ஆண்கள் பேசுகிறோம், தண்ணீர் வரும் மணி பெண்களுக்குத்தான் தெரியும். ஆகவே நோட்டு அக்காமார் கையில் இருக்கட்டும்.

இன்னொரு முக்கியமான சொல். இது தமிழன் நோட்டு அல்ல, தெரு நோட்டு. பக்கத்து வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் எல்லார் வீடும் அதில் இருக்க வேண்டும். குழாய்க்குப் பாஷை கிடையாது. நம் வீட்டை மட்டும் எழுதிக்கொண்டு போனால் அதிகாரி ஒருவரை ஒருவர் மேல் தள்ளிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். தெருவே சேர்ந்து போனால் தட்டிக்கழிக்க முடியாது.

இந்தத் தீவுகளுக்குச் சட்டசபை இல்லை. பாராளுமன்றத்துக்கு ஒரே ஒரு உறுப்பினர். அதற்குக் கீழே நாம் தேர்ந்தெடுப்பது நகராட்சியும் ஊராட்சியும்தான். நம் கைக்கு எட்டும் கதவு அது ஒன்று. கிராம சபை கூடும் நாளில் ஒரு நாள் கூலி போகிறதே என்று நாம் போகாமல் இருந்தால், அங்கே போகிற நாலு பேரின் தெருவுக்குத்தான் சாலை வரும். கூலியைவிட அந்த ஒரு நாள் பெரிது. முறை வைத்தாவது தெருவுக்கு இருவர் போக வேண்டும்.

கேட்பதையும் ஒழுங்காகக் கேட்போம். எல்லாம் வேண்டும் என்று பத்துப் பக்க மனு எழுதினால் அது அலமாரிக்குப் போகும். இந்த ஆண்டு மூன்று: பத்து வீட்டுக்கு ஒரு மழைநீர்த் தொட்டி, செங்குத்துப் படிகளுக்குக் கைப்பிடி, ஓதம் ஏறும் சாக்கடைகளின் மட்டத்தை அளந்து மாற்றுவது. மூன்றும் கிடைத்த பிறகு அடுத்த மூன்று.

வருகிற ஞாயிறு காலை சங்க அலுவலகத்தில் நோட்டுகள் தயாராக இருக்கும். தெருவுக்கு இரண்டு பேர் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். ஒரு மாதத்தில் எழுதி முடித்துக் கொண்டுவாருங்கள். கூட்டிப் போட்டுக் கொடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.