ஒன்பதாம் நம்பர் சட்டை
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



விளையாட்டு பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பருவம், 1985-86. சிவகங்கை தனி மாவட்டம் ஆனதும், அழகப்பா பல்கலைக்கழகம் வந்ததும் அந்த 1985லதான். ஆனால் நம்ம பக்கத்துக் கல்லூரிகள் அப்போது மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. அதனால் கூடைப்பந்துக்கு நாங்க ஓட வேண்டிய இடம் மதுரை.

இப்போதுள்ள பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்லணும். அன்றைக்கு ஆட்டம் இருபது இருபது நிமிஷமாக இரண்டு பாதி. பத்து நிமிஷ நான்கு பகுதி 2000க்குப் பிறகு வந்தது. பெண்களுக்கென்று சின்னப் பந்து 2004ல்தான் உலக விதியில் சேர்ந்தது. நாங்க ஆண்களுக்குரிய ஏழாம் அளவுப் பந்தையே பிடித்து ஆடினோம். என் விரல் இரண்டு இன்னும் கோணலாக இருப்பது அந்தப் புண்ணியத்தில்தான். மூன்று பாயிண்ட் கோடு 1984ல் உலக விதியில் வந்தது. எங்க பி.டி. டீச்சர் கூடைக்கு நேர் கீழே ஆணி அடித்து, 6.25 மீட்டர் கயிறு கட்டி, செம்மண் தரையில் சுண்ணாம்புத் தூளால் அந்தக் கோட்டை முதன்முதலாகப் போட்டது அந்த வருஷம். மறுநாள் மழை பெய்து கரைஞ்சு போச்சு. டீச்சர் சலிக்காமல் மறுபடியும் ஆணியும் கயிறுமாக வந்து நின்றார்கள்.

செம்மண் தரையில் பந்து ஒழுங்காக எழும்பாது. தட்டிக்கொண்டே ஓடலாம் என்று பார்த்தால் பந்து பாதியில் படுத்துவிடும். அதனால் எங்களுக்கு பாஸ் செய்வது ஒன்றுதான் வழி. வீட்டிலே வளவில், ஆத்தங்குடிக் கல்லில், பந்து நல்லா துள்ளும். ஆனால் "மங்கலம் நடக்கிற இடத்துல பந்தா தட்டுறே?" என்று அப்பத்தா விளக்குமாறோடு வருவார்கள். ஆக, தட்டி ஆட எங்கேயும் வழியில்லாமல் பாஸ் ஆட்டம் ஆடும் அணியாக நாங்க ஆனோம். மதுரையில் அதைப் பெரிய உத்தி என்று பாராட்டினார்கள். நாங்களும் மறுக்கவில்லை.

உடை விஷயத்தில் டீச்சரும் தையற்காரரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: வெள்ளைச் சட்டை, கணுக்கால் வரை நீலத் தொளதொள பேண்ட். அந்நாள் சர்வதேச விதிப்படி சட்டை எண் 4 முதல் 15 வரைதான். கேப்டன் என்பதால் எனக்கு 4. யார் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை, எல்லோருக்கும் பேரன் பேத்தி இருக்கிறது. எண்ணைத்தான் சொல்வேன்.

எங்க அணியின் உயிர் ஒன்பதாம் நம்பர். கண்டனூர்ப் பெண். நல்ல உயரம், அதைவிட நல்ல பொறுமை. ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்து எங்கே விழும் என்று அவளுக்கு மட்டும் முன்கூட்டியே தெரியும். நாங்கள் தைரியமாக எறிவதே அவள் கீழே நிற்கிறாள் என்றுதான்.

அந்தப் போட்டியை 'நாக்-அவுட் கம் லீக்' என்பார்கள். முதல் சுற்றுகளில் தோற்றால் வீட்டுக்கு. கடைசி நாலு அணிகள் மட்டும் ஒன்றோடொன்று மோதும், அதுதான் லீக். முதல் சுற்றுகள் பக்கத்து ஊர்களில் நடந்தன. காலையில் போய் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடலாம். இரண்டையும் ஜெயித்தோம். லீக் மதுரையில். இரண்டு இரவு தங்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். ஒன்பதாம் நம்பரின் ஐயா, "பொம்பளப் புள்ளை ராத்தங்கலா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். டீச்சர் ஒரு தடவை போய்ப் பேசிப் பார்த்தார்கள். "கேப்டன் நீயும் உங்க அப்பத்தாவைக் கூட்டிக்கிட்டுப் போய்ச் சொல்லு, ஆச்சிமார் பேச்சுக்கு மதிப்பு உண்டு" என்று என்னிடம் சொன்னார்கள்.

நான் போகவில்லை. நாற்பது வருஷமாக யாரிடமும் சொல்லாத காரணத்தை இன்று சொல்கிறேன். என் வீட்டில் ராத்தங்கல் என்ற விஷயத்தையே நான் முழுசாகச் சொல்லவில்லை. அப்பத்தாவைக் கண்டனூருக்கு அழைத்துப் போனால், அந்த ஐயா பேச்சைக் கேட்டு என்னையும் நிறுத்திவிடுவார்களோ என்று பயம். டீச்சரிடம், அப்பத்தாவுக்கு முழங்கால் வலி என்று பொய் சொன்னேன்.

எட்டுப் பேர் அணி ஏழாகி, திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்கு பஸ் ஏறியது.

அங்கே சிமெண்ட் தரை. பந்து நெஞ்சுக்கு எழும்புகிறது! கல்யாணப் பந்தியில் உட்காரவைத்த மாதிரி இருந்தது. முதல் ஆட்டம் ஜெயித்தோம், ஆனால் 12ஆம் நம்பருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. மீதி ஆறு பேர். இரண்டாவதும் ஜெயித்தோம். மூன்றாவது, அதேபோல இரண்டும் ஜெயித்து வந்த அணியோடு. யார் ஜெயித்தாலும் மண்டலக் கோப்பை அவர்களுக்கு.

ஒன்பது இல்லாததால் கூடைக்கடியில் எல்லோரும் முட்டி மோதினோம், ஃபவுல் ஏறியது. ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே. ஏழாம் நம்பர் போனாள், மாற்று ஆள் வந்தாள். மூன்று நிமிஷம் இருக்கும்போது 11ஆம் நம்பரும் போனாள். வெளியே யாரும் இல்லை. ஆட்டம் நின்றுவிடும் என்று நான் நினைத்தேன். ரெஃப்ரி, "நாலு பேரோடு ஆடலாம்மா, இரண்டு பேருக்குக் குறைந்தால்தான் முடிப்போம்" என்றார். விதி அப்படித்தான்.

நாலு பேரோடு ஆடினோம். கடைசிச் சில வினாடிகள், 41-43. பந்து என் கையில், அந்தப் புதுக் கோட்டுக்கு வெளியே. எறிந்தேன். ரிங்கில் பட்டு இடதுபக்கம் விழுந்தது, ஒன்பதாம் நம்பர் எப்போதும் நிற்கிற அதே இடம். அங்கே யாருமில்லை.

அடுத்த தை மாதம் அவளுக்குக் கல்யாணம். படிப்பு அதோடு நின்றது. நாங்க எல்லோரும் போயிருந்தோம். மணக்கோலத்தில் என் காதில் அவள் கேட்டது ஒன்றுதான்: "கடைசி பந்து எந்தப் பக்கம்டி விழுந்துச்சு?" "வலது பக்கம்" என்றேன். அது இரண்டாவது பொய்.

இந்த விளையாட்டை 1891ல் நெய்ஸ்மித் அமெரிக்காவில் கண்டுபிடித்தார். மறு வருஷமே செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் பெண்கள் களைத்துப்போவார்கள் என்று மைதானத்தைக் கோடு போட்டுப் பிரித்தார்கள். அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பள்ளிகளில் 1993 வரை பெண்கள் நடுக்கோட்டைத் தாண்டாமல்தான் ஆடினார்கள். 1985லேயே காரைக்குடிச் செம்மண்ணில் நாங்க முழு மைதானமும் ஓடினோம். நம்ம பெண்களுக்குக் கோடு மைதானத்துக்குள் இல்லை, வீட்டு முகப்பில் இருந்தது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது என்பதும் உண்மை. சென்னையின் அனிதா பால்துரை 2000லிருந்து 2017 வரை இந்திய அணிக்கு ஆடினார், 19 வயதில் கேப்டன், 2021ல் பத்மஸ்ரீ. 2017ல் பெங்களூரில் நம் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்று ஜெயித்து ஆசியக் கோப்பையின் முதல் பிரிவுக்கு ஏறினார்கள். இரண்டே பாயிண்ட்! அதை டி.வி.யில் பார்த்தபோது என் வீட்டில் நான் போட்ட சத்தத்தில் மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

ஆனால் நேற்று மாலை நம் கல்லூரி அணியைப் பார்த்தேன். சிமெண்ட் தரை, சின்னப் பந்து, பளபளக்கும் உடை. "வெளியூர்ப் போட்டிக்கு எத்தனை பேர் வருவீங்க?" என்று கேட்டேன். கேப்டன் பெண் கொஞ்சம் தயங்கி, "ரெண்டு பேர் வீட்டுல விட மாட்டாங்க மேடம்" என்றாள்.

சங்கத் தலைவரிடம் ஒரு விண்ணப்பம். இந்த வருஷம் கோப்பைக்கும் மேடைக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, அணியோடு துணைக்குப் போகும் பழைய மாணவிகளின் பஸ் செலவுக்கு ஒதுக்குங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு பெண்களின் முகவரியையும் கேப்டனிடம் வாங்கிவிட்டேன். ஒன்று தேவகோட்டை, ஒன்று பள்ளத்தூர். ஞாயிற்றுக்கிழமை காலை போகிறேன். தனியாக இல்லை. மூன்றாவது வரிசையில் மாம்பழக் கலர்ப் புடவையில் உட்கார்ந்திருக்கும் ஒன்பதாம் நம்பரும் வருகிறாள். பந்து இடது பக்கம்தான் விழுந்தது என்று இன்று காலைதான் அவளிடம் சொன்னேன்.

"தெரியும்டி, 12ஆம் நம்பர் அப்பவே சொல்லிட்டா" என்றாள்.